ஏவிய பிறகுதான் வேலை: ராமநாதபுரக் கரையிலிருந்து விண்கல இயக்க ஆய்வுக்கு ஒரு வழி

லீவுக்குத் தங்கச்சிமடம் போனால் யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "இவளும் உன்னை மாதிரி ராக்கெட் படிக்கணுமாம், நீயே சொல்லு." கலாம் பிறந்த தீவு இது. அவர் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி இன்னும் ராமநாதபுரத்தில் நடக்கிறது. அதனால் விண்வெளி என்றாலே எங்கள் பக்கம் ராக்கெட்தான் நினைவுக்கு வரும். நான் படித்தது ராக்கெட் இல்லை. ராக்கெட் செயற்கைக்கோளை விட்டுவிட்டு விலகும் நிமிடத்தில்தான் என் துறை தொடங்குகிறது.

போன தடவை வந்தவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இதைச் சொன்னதும் நேராகக் கேட்டாள்: "அதான் மேல போயிருச்சே அக்கா, அப்புறம் என்ன வேலை?" நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையும், அன்றைக்கு நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பள்ளி கடைசி வகுப்புகளில் இருப்பவர்களுக்கும் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டில் இருப்பவர்களுக்கும் அதிகம் உதவும்.

முதலில், அந்த வேலை என்ன

500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் வினாடிக்கு 7.6 கிலோமீட்டர் ஓடுகிறது. பாம்பன் ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தூரம் அதற்குக் கால் வினாடி. பூமியை ஒரு சுற்று வர 95 நிமிடம். அது துருவங்கள் வழியாகச் சுற்றுவதாக இருந்தால், நம் ஊர் அட்சரேகையில் நிற்கும் ஓர் ஆன்டெனாவுக்கு நாளைக்கு நான்கு தடவை அளவில்தான் தென்படும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாண்டாது. ஆக, 24 மணி நேரத்தில் அதோடு பேசக் கிடைப்பது முக்கால் மணி நேரம். மீதி நேரம் முழுக்க அது தனியே.

அந்த முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி எப்படி இருக்கிறது, சூடு எவ்வளவு என்று கேட்க வேண்டும். எடுத்த படங்களை இறக்க வேண்டும். அடுத்து செய்ய வேண்டியதை ஏற்றிவிட வேண்டும். அது சரியாக எங்கே இருக்கிறது என்று அளந்து, நாளைக்கு எங்கே இருக்கும் என்று கணிக்க வேண்டும். இதைத்தான் விண்கல இயக்கம் என்கிறோம். இந்தியாவில் இதன் மையம் பெங்களூரில் உள்ள, இஸ்ரோவின் இஸ்ட்ராக். லக்னோ, போர்ட் பிளேர், திருவனந்தபுரம், மொரீஷியஸ், புருணை, இந்தோனேசியாவின் பியாக் என்று பல இடங்களில் அதற்கு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில் வைத்தால் முக்கால் மணி நேரம்தானே, அதனால்தான் இப்படிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். நிலவு, செவ்வாய் போன்ற தொலைவுக்குப் பெங்களூரு அருகே பியாலாலுவில் 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா இருக்கிறது.

இந்த வேலையின் பலன் நம் கரைக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. மீன் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அனுப்பும் குறிப்பு, செயற்கைக்கோள் அளந்த கடல்மேல் வெப்பத்தையும் கடல் நீரின் பச்சையத்தையும் வைத்துக் கணித்தது. யாரோ அந்தக் கோளைச் சரியான பாதையில் வைத்திருப்பதால்தான் அந்தக் குறிப்பு வருகிறது.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதைக் கேட்டு உங்களுக்கு ஆர்வம் கிளம்பினால் இந்தத் துறை உங்களுக்குப் பொருந்தும்.

மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பியது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டால் அதை நேராகச் செவ்வாய்க்குத் தள்ள முடியாது. அதனால் பூமியைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு அருகில் வரும்போது தன் சொந்த எஞ்சினைச் சிறிது நேரம் எரிக்கவைத்து, பாதையின் மறுகோடியை, அதாவது பூமியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் முனையை, மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். மூன்று தடவை சரியாக நடந்தது. நான்காவது தடவை, நவம்பர் 11 அதிகாலை, மறுகோடி 71,623 கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சத்துக்குப் போக வேண்டும். அதற்கு வினாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டும். கூடியது 35 மீட்டர்தான். மறுகோடி 78,276 கிலோமீட்டரில் நின்றுவிட்டது.

காரணம் இது. எரிபொருள் வால்வைத் திறக்க இரண்டு மின்சுருள்கள் உண்டு. ஒன்று பிரதானம், மற்றது மாற்று. தனித்தனியாக இரண்டும் வேலை செய்தன. ஒன்று கெட்டால் மற்றது உதவுமா என்று பார்ப்பதற்காக அன்றைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கியபோது எரிபொருள் வரத்து நின்றுபோனது. ஆனால் கலம் தடுமாறவில்லை. எஞ்சின் நின்றதும் சிறிய உந்துகள் தாமாகவே கொஞ்ச நேரம் தள்ளின. கீழே இருந்தவர்கள் தரவைப் படித்து, என்ன நடந்தது என்று கண்டுபிடித்து, இனி இரண்டு சுருளையும் சேர்த்து இயக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் நவம்பர் 12 அன்று கூடுதலாக ஒரு தடவை எரித்தார்கள். மறுகோடி 1,18,642 கிலோமீட்டருக்குப் போனது. திட்டமிட்டபடி 2014 செப்டம்பர் 24-இல் கலம் செவ்வாய்ச் சுற்றுப்பாதையை அடைந்தது.

அந்த ஒரு நாள் இருக்கிறதே, நவம்பர் 11-க்கும் 12-க்கும் நடுவில், அதுதான் எங்கள் துறை. கலத்தைத் தொட முடியாது. கையில் இருப்பது எண்கள் மட்டும். அந்த எண்களிலிருந்து நடந்ததைப் புரிந்துகொண்டு, அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். கரையில் நின்று ஃபோனில் படகுக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு எஞ்சின் கோளாறைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தத் திறமைதான் இங்கேயும் தேவை.

இதில் ஆய்வு என்றால் என்ன கேள்விகள்? சில சொல்கிறேன். இரண்டு செயற்கைக்கோள்கள் மோதிக்கொள்ளும் வாய்ப்பை எப்படித் துல்லியமாகக் கணிப்பது? (2009-இல் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 இரண்டும் உண்மையிலேயே மோதின.) கலம் தன் நிலையைப் பற்றி அனுப்பும் டெலிமெட்ரி எண்களில் கோளாறின் முதல் அறிகுறியை இயந்திரமே கண்டுபிடிக்குமா? நூறு கோள்களுக்குப் பத்து ஆன்டெனாவை எப்படிப் பங்கு போடுவது? ஆயுள் முடிந்த கோளைப் பத்திரமாகக் கடலில் விழவைப்பது எப்படி? 2023 மார்ச் 7 அன்று மேகா டிராபிக்ஸ்-1 கோளை இஸ்ரோ அப்படித்தான் பசிபிக் கடல் மேல் இறக்கியது. ஒவ்வொன்றும் பல பிஎச்.டி.க்குத் தாங்கும்.

பள்ளியில் இருக்கும்போதே தொடங்குங்கள்: ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும்

கணக்கும் இயற்பியலும் வேண்டும். அதை எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்குமேல் ஒன்று சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலோ விடியலுக்குக் கொஞ்சம் முன்னாலோ நம் தலைக்கு மேல் வந்தால், சிமிட்டாத வெள்ளை விளக்காக வெறும் கண்ணுக்கே தெரியும். எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஆப்களும் இணையத்தளங்களும் உண்டு. மொட்டை மாடிக்குப் போய், அது ஏதாவது ஒரு நட்சத்திரத்தைத் தொடுகிற மாதிரி கடக்கும் நேரத்தை வினாடி சுத்தமாக எழுதுங்கள். கணித்த நேரம் என்ன, நீங்கள் பார்த்த நேரம் என்ன, வித்தியாசம் எத்தனை வினாடி?

அடுத்து இதைச் செய்யுங்கள். ஒரு கோளின் பாதையை உலகம் முழுக்க டி.எல்.இ. என்ற வடிவத்தில் எழுதுகிறார்கள். இரண்டே வரி, வரிக்கு 69 எழுத்து. செலஸ்ட்ராக் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இன்றைய டி.எல்.இ.யை வைத்து ஒரு கணிப்பு, பத்து நாள் பழையதை வைத்து ஒரு கணிப்பு என்று இரண்டு போட்டுப் பாருங்கள். பழையது தள்ளிப்போயிருக்கும். ஏன்? 400 கிலோமீட்டரிலும் கொஞ்சம் காற்று இருக்கிறது, அது நிலையத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சூரியன் கொந்தளித்தால் அந்தக் காற்று உப்பி மேலே வரும், இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பாலானவை இதே காரணத்தால் சில நாளில் விழுந்து எரிந்துபோயின. கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் படகு எவ்வளவு ஒதுங்கும் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், கணக்கில்லாமலே சொல்வார். நாங்கள் அதைக் கணக்காகப் போடுகிறோம், அவ்வளவுதான்.

நோட்டில் எண்ணை எழுதினால் அலகையும் எழுதுங்கள். நம் ஊரில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், அலுவலகத்தில் மீட்டரில் எழுதுவார்கள். வெறும் ஏழு என்று எழுதினால் ஏழு பாகமா, ஏழு மீட்டரா? படகு தரை தட்ட அது போதும். நாசாவின் செவ்வாய்க் காலநிலைக் கலம் 1999 செப்டம்பரில் தொலைந்ததும் இப்படித்தான். உந்து கொடுத்த தள்ளலை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட மென்பொருள் நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. கலம் செவ்வாய்க்கு மிக அருகில் போய் அழிந்தது.

சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்தால், யு.எஸ்.பி.யில் செருகும் எஸ்.டி.ஆர். ரிசீவர் (கணினி மென்பொருளோடு வேலை செய்யும் வானொலிக் கருவி) வாங்கி வானிலைக் கோள்களின் சிக்னலைப் பிடிக்கலாம். ரஷ்யாவின் மீட்டியார் கோள்கள் 137.9 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புகின்றன. ஆன்டெனா என்பது 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள், நடுவில் 120 டிகிரி கோணம். நம் ஊரில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்று கனெக்டரை ஒரே மழைக்காலத்தில் பச்சையாக்கிவிடும். சிக்னல் வரவில்லை என்று நான் ரிசீவரைக் கழற்றிக்கொண்டு இரண்டு வாரம் தவித்தேன். கடைசியில் பார்த்தால் பித்தளை முனையில் பாசி மாதிரி பச்சைத் துரு. இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப்பை ஆரம்பத்திலேயே சுற்றிவிடுங்கள். இன்னொன்று, நம்முடையது எல்லைக் கடலோரம், பாதுகாப்புக் கெடுபிடி உள்ள இடம். அதனால் பள்ளியில் ஆசிரியர் துணையோடு, தலைமையாசிரியருக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தெரியப்படுத்திவிட்டுச் செய்யுங்கள். உரிமம் இல்லாமல் எதையும் ஒலிபரப்பக் கூடாது. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு 12 வயது ஆனாலே தேர்வு எழுதலாம். இதெல்லாம் தோதுப்படாவிட்டால் சாட்நாக்ஸ் என்ற திறந்த வலையமைப்பு இருக்கிறது. உலகெங்கும் தன்னார்வலர்கள் வைத்த ஆன்டெனாக்கள் பிடித்த சிக்னலை யாரும் இலவசமாக எடுத்து ஆராயலாம். ஆன்டெனா வைக்காமலே ஆய்வு தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் இஸ்ரோவின் யுவிகா திட்டத்துக்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கிப் படிக்கலாம். ஊராட்சிப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பு தருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பதிவு நடந்தது. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் வாய்ப்பு போயே போச்சு.

பிளஸ் டூ முடிந்து எங்கே சேர்வது

நேர்வழி, திருவனந்தபுரம் அருகே வலியமலையில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி. விண்வெளித் துறையே 2007-இல் தொடங்கிய நிறுவனம். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வழியாகத்தான் பி.டெக். சேர்க்கை. அதேபோல் சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.டி.களில் விண்வெளிப் பொறியியல் துறை இருக்கிறது. தமிழ்வழியில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். எனவே பிளஸ் ஒன்னிலேயே கணக்கு, இயற்பியல் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்து தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு. அதன் வழியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏரோநாட்டிக்கல் படிக்கலாம். கலாம் படித்த அதே இடம், அதே பிரிவு. 2009-இல் பி.எஸ்.எல்.வி.யில் பறந்த அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள், அண்ணா பல்கலைக்கழகத்துடையது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைத் தெரியாமலே கடன் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விசாரியுங்கள்.

இந்த இடங்கள் கிடைக்கவில்லையா? பரவாயில்லை. உண்மையாகவே சொல்கிறேன். விண்கல இயக்கத்தில் ஆய்வு செய்ய இளநிலைப் பட்டத்தில் "ஏரோஸ்பேஸ்" என்ற சொல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மெக்கானிக்கல், இ.சி.இ., கம்ப்யூட்டர், இயற்பியல், கணிதம், எதிலிருந்தும் வரலாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, பெயரில் மட்டும் விண்வெளி இருக்கும் கல்லூரியில் சேர்வதை நான் ஆதரிக்க மாட்டேன். என்னோடு படித்த ஒருத்தி அப்படிச் சேர்ந்தாள். விளம்பரத்தில் காட்டிய ஆய்வகம் நான்கு வருடமும் பூட்டியே இருந்தது. சேர்வதற்கு முன் நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, "ஆய்வகத்தில் கடைசியா என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் அரசு அல்லது பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மிச்சமாகும் காசில் நல்ல லேப்டாப் ஒன்று வாங்குவது எவ்வளவோ மேல்.

கல்லூரியில் நான்கு ஆண்டு

இங்கே படிக்க வேண்டியது நிறைய. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பைத்தான். பிறகு லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு. இந்த இரண்டும் இல்லாமல் மேலே போனால் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் சுற்றுப்பாதை இயக்கவியல். கெப்ளர் விதியில் தொடங்கி, பாதை மாற்ற எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பது வரைக்கும். அதற்குப் பிறகு மதிப்பீட்டுக் கணிதம், முக்கியமாக 1960-இல் வந்த கால்மன் ஃபில்டர். பிழையுள்ள அளவுகளிலிருந்து உண்மையான இடத்தைத் தேடும் முறை அது. எங்கள் துறையின் சோறு அதுதான். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. ஆசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. சுற்றுப்பாதைகளைக் கணக்கிடும் நாசாவின் ஜிமேட் மென்பொருளும் இலவசம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு வேலையை முழுதாக முடியுங்கள். பெரிய தலைப்பு வேண்டாம். உதாரணத்துக்கு ஒன்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் நேராகத் தெற்கே போக முடியாது, இலங்கை குறுக்கே இருக்கிறது. முதலில் தென்கிழக்காகப் போய், தீவைத் தாண்டித் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் வீணாகும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்ட 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதற்கு இதுவே பெரிய காரணம். அங்கிருந்து தெற்கே வெறும் கடல். அந்தத் திருப்பத்தால் ராக்கெட் தூக்கிச் செல்லும் எடை எவ்வளவு குறைகிறது என்று எளிய மாதிரி ஒன்றில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எதைச் சுற்றிக்கொண்டு போகிறது என்பது நமக்கு வரைபடம் இல்லாமலே தெரியும். இப்படி ஒரு கேள்வி, ஒரு நிரல், பத்துப் பக்க அறிக்கை. பிஎச்.டி. நேர்காணலில் மதிப்பெண்ணைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

கேட், முதுநிலை, பிஎச்.டி.

கல்லூரி கடைசி ஆண்டில் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட் எழுதுங்கள். ஏரோஸ்பேஸ் தாள்தான் எழுத வேண்டும் என்று இல்லை, உங்கள் பிரிவின் தாளே பல இடங்களில் போதும். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆய்வுதான் நோக்கம் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுவழி எம்.எஸ். போன்ற படிப்புகளை நான் முதலில் சொல்வேன். பாடம் குறைவு, ஆய்வு அதிகம். பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற தொடக்க ஆய்வாளர் நிலையில் மாதம் 37,000, பிறகு 42,000. பிரதமர் ஆய்வு நிதி கிடைத்தால் இதைவிட அதிகம்.

எந்த நிறுவனம் என்பதைவிட எந்த வழிகாட்டி என்பதுதான் ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கும். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பிறகு மின்னஞ்சல். நான் ஆரம்பத்தில் நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பிறகு நான் எழுதி, பதில் கிடைத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், சாரம் இதுதான்:

"ஐயா, தாழ்ந்த சுற்றுப்பாதைக் கோள்களின் இழுவை பற்றிய உங்கள் சமீபத்திய கட்டுரையைப் படித்தேன். அதில் காற்றடர்த்தி மாதிரியை மாற்றினால் பிழை எவ்வளவு மாறும் என்ற பகுதியைப் பொதுத் தரவை வைத்து நானே செய்துபார்த்தேன். மூன்று கோள்களுக்கு ஒத்துவந்தது, ஒன்றுக்கு வரவில்லை. வரைபடத்தை இணைத்திருக்கிறேன். அந்த ஒன்று ஏன் விலகுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த ஆண்டு உங்களிடம் ஆய்வு மாணவர் இடம் இருக்குமா?"

கவனியுங்கள், இதில் "சிறு வயதிலிருந்தே விண்வெளி மீது ஆர்வம்" என்ற வரி இல்லை. ஒத்துவராததை மறைக்கவும் இல்லை. ஒத்துவராத அந்த ஒன்றுக்காகத்தான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

ஆய்வு நடக்கும்போது

தினமும் குறிப்பு எழுதுங்கள். தேதி, என்ன ஓட்டினேன், என்ன வந்தது, எது புரியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் கலத்தை இயக்குபவர்கள் ஷிப்ட் மாறும்போது கையேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற அதே பழக்கம். ஆறு மாதம் கழித்து உங்கள் நிரலையே உங்களுக்கு அடையாளம் தெரியாது, நோட்டுதான் சொல்லும்.

கட்டுரை போடுவதில் ஓர் எச்சரிக்கை. பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்கள் உங்களைத் தேடி மின்னஞ்சல் அனுப்பும். என் முதல் கட்டுரையை அப்படி ஒன்றில் போட்டேன், ஒரு மாத உதவித்தொகை போனது. பின்னாளில் ஒரு நேர்காணலில் அந்தக் கட்டுரையே எனக்குக் கெட்ட பெயர் ஆனது. ஆக்டா ஆஸ்ட்ரோநாட்டிகா, ஜர்னல் ஆஃப் ஸ்பேஸ்கிராஃப்ட் அண்ட் ராக்கெட்ஸ் போன்ற இதழ்களைப் பாருங்கள். நடுவர்கள் திருப்பி அனுப்புவார்கள், எட்டு மாதம்கூட ஆகும், ஆகட்டும். மாநாடுகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஸ்பேஸ்ஆப்ஸ் முழுக்க முழுக்க விண்கல இயக்கத்துக்கே ஆனது. அங்கே உண்மையான கலங்களை ஓட்டுபவர்கள் வருவார்கள்.

வெளிநாட்டில் பிஎச்.டி. செய்வதானால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், மியூனிக், அமெரிக்காவின் பர்டூ, கொலராடோ ஆகியவை நல்ல இடங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அமெரிக்காவில் ஐ.டி.ஏ.ஆர். என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. பல்கலைக்கழக அடிப்படை ஆய்வுக்குப் பெரிய தடை இல்லை. ஆனால் படிப்பு முடிந்து அங்கே விண்வெளி நிறுவனத்தில் வேலை தேடும்போது குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்பார்கள். போவதற்கு முன்பே இது தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது.

பட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு வருடம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தவர் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி, பிறகு உதவிப் பேராசிரியர் வேலை. இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. பி.எஸ்.எல்.வி.யின் கடைசி நிலையையே சோதனை மேடையாகச் சுற்றவிடும் போயம் திட்டத்தில் கல்லூரிகளின் கருவிகளும் இடம் பெறுகின்றன. கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே உண்மையான கருவியை விண்வெளியில் இயக்கும் வாய்ப்பு முன்பைவிட இப்போது அதிகம்.

வீட்டில் என்ன சொல்வது

முதலில் சொன்ன அந்தப் பிளஸ் ஒன் பெண்ணின் அப்பா விசைப்படகில் போகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். "எத்தனை வயசாகும்மா?"

மறைக்காமல் சொன்னேன். பள்ளி முடிக்க 18. பி.இ. 22. முதுநிலை 24. பிஎச்.டி. 29. போஸ்ட்டாக் சேர்த்தால் 31. நடுவில் கல்யாணப் பேச்சு வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். நான் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் கல்யாணம் செய்துகொண்டேன், இரண்டையும் சேர்த்து நடத்த முடிந்தது. ஆனால் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினார். "அப்ப இருபத்திரண்டுக்கு மேல அவளே பாத்துக்குவா, வீட்டுல பணம் கேக்க மாட்டா?"

"ஆமாண்ணே. கேட்ல நல்ல மதிப்பெண் வாங்கிட்டா, கேக்க மாட்டா."

அதற்குள் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருந்தாள். அன்றைக்கு 7 மணி 4 நிமிடத்துக்கு விண்வெளி நிலையம் வர வேண்டும். பதினோரு வினாடி தாமதம் என்று மேலேயிருந்து கத்தினாள். எந்தத் தேதி டி.எல்.இ. என்று கேட்டேன். ஆறு நாள் பழையது. நாளைக்குப் புதியதை எடுத்து மறுபடி பார், இரண்டு வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவை என்றேன்.